வாசலோடு நின்ற பாதங்கள்

மன்னார்குடியில் ரெபேக்கா நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில் குருவுக்கு வயது முப்பது. சிஷ்யை குமுதவல்லிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயசில் இவளுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று தெருவே சிரித்தது. காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டது.

அவள் மகன் முகுந்தன் அதே வகுப்பில் படித்தவன். வேலைக்கான நேர்காணலுக்கு இங்கிலீஷில் பேசிப் பழகி, தன் குரலைச் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தான். நேர்காணலுக்குப் போன வழியில் அவன் பைக்கை லாரி அடித்துவிட்டது. செல்போன் மட்டும் கீறல் விழாமல் திரும்பி வந்தது.

அந்தக் குரலை அவள் தினமும் கேட்டாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"நான் அர்த்தம் சொல்லட்டுமாம்மா?" என்று ரெபேக்கா ஒருமுறை கேட்டாள்.

"வேணாம் டீச்சர். எம்புள்ள சொன்னதை அவன் வாயாலயே கேட்டுப் புரிஞ்சுக்கணும்."

ஆசை இருந்தது, படிப்புதான் ஏறவில்லை. ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தால் அது மகன் குரலில் கேட்கும். அதற்குப் பிறகு வகுப்பில் நடப்பது எதுவும் அவள் காதில் விழாது. கோகுலாஷ்டமி நெருங்கும்போது வகுப்புக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அஷ்டமியன்று ரெபேக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவள் படியிலேயே நின்றாள்.

தரையெல்லாம் மாக்கோலப் பாதங்கள். கண்ணன் வீட்டுக்குள் வருவதாக வாசலில் தொடங்கிப் பூஜையறை வரை போட வேண்டியவை. இங்கே பூஜையறையில் கிளம்பி, விரல்கள் தெருவைப் பார்க்க, வாசற்படியோடு நின்றிருந்தன.

"கூத்தைப் பாத்தீங்களா? நல்ல நாளும் அதுவுமா தலைகீழாப் போட்டு வச்சிருக்கா. துடைன்னா துடைக்கவும் மாட்டேங்கறா," என்றாள் குமுதவல்லியின் ஓரகத்தி. அவள் கையில் ஈரத்துணி இருந்தது.

"கை தானாப் போட்டுடுச்சு டீச்சர்," என்றாள் குமுதவல்லி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. "அழிக்க மனசு வரலை."

ரெபேக்கா ஓரகத்தியிடமிருந்து துணியை வாங்கித் தள்ளி வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தையும் மிதிக்காமல் படியில் உட்கார்ந்தாள். குமுதவல்லியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வராது டீச்சர். 'லேர்ன்'னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தீங்களே. கத்துக்கறதுன்னு சொன்னீங்க. அதுக்கு நிஜமா என்னதான் அர்த்தம்? அது ஏன் எனக்கு மட்டும் கைகூட மாட்டேங்குது?"

ரெபேக்கா தரையிலிருந்த பாதங்களைப் பார்த்தாள்.

"அது ரொம்பப் பழைய வார்த்தைம்மா. அதோட வேரைத் தேடிக்கிட்டுப் போனா, வழித்தடம்னு வருதாம். முன்னால போனவங்க தடத்தைக் கண்டுபிடிச்சு, பின்னாலயே போறது."

குமுதவல்லி பாதங்களைப் பார்த்தாள். பூஜையறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பாதம் வந்ததும் உடைந்து அழுதாள்.

"வாசலோட நின்னு போச்சே டீச்சர். அதுக்கப்புறம் எங்க போனான்? படிச்சவங்கதானே நீங்க, சொல்லுங்க!"

ரெபேக்காவின் கண்ணும் நிறைந்திருந்தது.

"எங்க போய்ச் சேர்ந்தான்னு எனக்குத் தெரியாதும்மா. வாசல் வரைக்கும் எப்படி நடந்தான்னு தெரியும். எந்த வார்த்தையில தடுக்கி விழுந்தான், எப்படி எந்திரிச்சான், எல்லாம் கூடவே இருந்து பாத்தேன். அது வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், வாங்க."