சுவரைப் பார்த்து ஓடிய ஒரு நிமிஷம்

கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் சகாயமேரி ஏர் கட்டர் பிடிப்பவர். காற்றழுத்தத்தில் வீல் சுழன்று இரும்பை அறுக்கும் கருவி அது. அவருக்கு வயது முப்பத்து மூன்று. அவரிடம் தொழில் பழக வந்த நல்லமுத்துவுக்கு நாற்பத்தாறு. இருபது வருடம் கேஸ் கட்டிங் செய்த கை. பழக வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அன்று காலை, வெல்டிங் விட்டுப்போன பக்கச் சட்டம் ஒன்று சரிந்தது. கீழே குனிந்திருந்த வேலுசாமியின் இடது கையை சேசிஸோடு சேர்த்து இறுக்கியது. வேலுசாமி நல்லமுத்துவின் தங்கை வீட்டுக்காரர்.

சட்டத்தைத் தூக்கினால் இன்னும் இறுக்கியது. கேஸ் சுடரை வைத்தால் இரும்பு பழுத்துக் கை வெந்துவிடும். பக்கத்து பஸ்ஸுக்குத் தண்ணீர் அடித்து ஒழுகல் பார்த்ததில் தரையெல்லாம் ஈரம். கரண்டு மிஷினும் ஆகாது.

எல்லோரும் சகாயமேரியைப் பார்த்தார்கள்.

கட்டரில் இருந்த வீல் தேய்ந்திருந்தது. நல்லமுத்து வால்வை மூடிவிட்டு, வீலைக் கழற்றக் கை வைத்தார்.

"கையை எடுங்கண்ணா."

"காத்தை மூடிட்டனுங்க அம்மணி."

"ஹோஸுக்குள்ள நிக்கற காத்தை?"

நல்லமுத்து கையை எடுத்தார். சகாயமேரி விசையை அழுத்தினார். வால்வு மூடியிருந்தும் வீல் சீறிச் சுழன்று நின்றது. ஹோஸைக் கழற்றி வைத்த பிறகுதான் புது வீலை எடுத்தார். இருபுறமும் பார்த்தார். கீறல் இல்லை. மாட்டினார். தடுப்பு மூடியைச் சரிசெய்து, கண்ணாடி போட்டு, ஹோஸைத் திரும்பப் பூட்டினார்.

பிறகு வேலுசாமிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"யாரும் என் பக்கத்துல நிக்காதீங்க."

கட்டரைச் சுவரைப் பார்த்துப் பிடித்து விசையை அழுத்தினார். வீல் வெறுங்காற்றில் சுழன்றது.

"ஆளு அங்க கெடக்கறான். இப்பவுமா சுவத்தைப் பாத்து ஓட்டறீங்க?" என்றார் நல்லமுத்து.

"எந்தப் புது வீலும் ஒரு நிமிஷம் வெறுங்காத்துல ஓடணும்ண்ணா."

"மச்சான், விரல் மரத்துப் போச்சு" என்றார் வேலுசாமி. கத்துவதை அவர் நிறுத்தியிருந்தார். அதுதான் நல்லமுத்துவைப் பயமுறுத்தியது.

"நீங்க அறுக்கலீன்னா என்ற கையில குடுங்க."

நல்லமுத்து நெருங்கினார். சகாயமேரி திரும்பவில்லை. "பின்னாடி போங்கண்ணா. இன்னும் இருபது எண்ணணும்."

பட்டென்று ஒரு சத்தம். சுவரோரம் சாத்தியிருந்த தகரத்தில் ஓட்டை விழுந்திருந்தது. வீலில் பாதியைக் காணவில்லை.

சகாயமேரி மறுபடி வால்வை மூடினார். காற்றை வெளியே விட்டார். ஹோஸைக் கழற்றினார். வேறு பெட்டியிலிருந்து இன்னொரு வீலை எடுத்து மாட்டி, மறுபடி சுவரைப் பார்த்து நின்றார்.

இந்தத் தடவை நல்லமுத்து வாய்விட்டு எண்ணினார். அறுபது வரை.

பிறகு சட்டத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்தார்கள். வேலுசாமியின் கண்ணுக்குக் கண்ணாடி, கைமேல் நனைத்த சாக்கு. இரண்டு இடத்தில் அறுத்ததும் சட்டம் விட்டது. கை வெளியே வந்தது. எலும்பு முறிந்திருந்தது. விரல்கள் அசைந்தன.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நல்லமுத்து தேநீர் வாங்கிவந்து சகாயமேரியிடம் நீட்டினார். தன்னுடையதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மணி?"

"கேளுங்கண்ணா."

"வீல் ஒடைஞ்சதால செரியாப் போச்சு. ஒடையாம இருந்திருந்தா? அவன் துடிச்ச அந்த ஒரு நிமிஷம் வீண்தானுங்களே?"

சகாயமேரி தேநீரை ஆற்றி ஒரு மடக்குக் குடித்தார்.

"பதினோரு வருஷமா வீணாத்தாண்ணா போயிட்டிருந்துச்சு."