உச்சி வெயிலில் எரியும் தீ

தூத்துக்குடிக்கு மேற்கே, கருவேலங்காட்டை அழித்துச் சோலார் பலகைகள் நட்ட இடத்தில் ஓர் ஆலை இருந்தது. வெயிலில் கிடைத்த மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பெரிய லாரிகள் டீசலுக்குப் பதிலாக அந்த வாயுவில் ஓடின.

ஆலையின் பாதுகாப்புக்கு ஜெசிந்தா பொறுப்பு. நாற்பது வயது. அவரிடம் தொழில் கற்க வந்தவர்களில் மூத்தவர் சொர்ணவேல். இருபத்தெட்டு வருடம் அனல் மின்நிலையத்தில் நிலக்கரித் தீயோடு இருந்தவர். ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து படித்தார். ஆறே மாதத்தில் வாயு நிரப்பும் இடத்தை அவர் பொறுப்பில் விட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பதினொரு லாரிகள் வரிசையில் நின்றன. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. கசிவைச் சொல்லும் சைரன் காலையிலிருந்து இரண்டு முறை காரணமில்லாமல் அடித்து ஓய்ந்திருந்தது. மூன்றாம் முறை அடித்தபோது சொர்ணவேல் அதன் சுவிட்சை அணைத்தார்.

முதல் லாரியின் டிரைவர் சுயம்பு கேட்டான். "அண்ணாச்சி, சைரன் அடிச்சுதே?"

"அது சும்மா அடிக்கு. நீ போய் குழாயைக் கழற்று."

சுயம்பு போனான். குழாயின் மூட்டில் தீ எரிந்துகொண்டிருந்தது. புகை இல்லை, நிறம் இல்லை. வெயிலில் யாருக்கும் தெரியவில்லை. நாலடி தள்ளி நின்றவர்கள் பார்த்ததெல்லாம், அவன் சட்டை திடீரென்று கருகியதைத்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இந்த லாரிக்கு மாறிய பிறகு சட்டையில் டீசல் நாற்றமே இல்லை என்று அவன் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சொர்ணவேல் ஒரு தாளோடு ஜெசிந்தாவிடம் வந்தார்.

"நாளைக்கு விசாரணை, மேடம். எழுதிட்டேன். ஒரு வார்த்தை பாருங்க."

ஒரே வரிதான் இருந்தது. 'தீ கண்ணுக்குத் தெரியவில்லை.'

"உண்மைதானே மேடம்? இது போதுமா?"

ஜெசிந்தா எழுந்து, ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பயிற்சித் திடலுக்கு நடந்தார். சொர்ணவேல் பின்னால் போனார்.

திடலின் நடுவில், இடுப்பு உயரத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வால்வைத் திறந்து பற்றவைத்தார்.

"எரியுதா அண்ணாச்சி?"

"தெரியல."

ஜெசிந்தா துடைப்பத்தை நீட்டினார். நுனி குப்பென்று பிடித்துக்கொண்டது. இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தார். குழாய்க்கு முன்னால் மறுபடி வெறும் வெயில்.

"இப்போ அதுக்குக் குறுக்கால நடங்க."

சொர்ணவேல் அசையவில்லை.

"ஏன் நின்னுட்டீங்க? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே."

"அங்க தீ இருக்குன்னு எனக்குத் தெரியும்லா, மேடம்."

"சுயம்புவுக்குத் தெரியுறதுக்கு என்ன இருந்துச்சு?"

சொர்ணவேல் திரும்பி, வாயு நிரப்பும் இடத்தைப் பார்த்தார்.

"சைரன்."

ஜெசிந்தா வால்வை மூடினார். சொர்ணவேல் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அதை எழுதினா வேலை போயிரும் மேடம். ஜெயில்கூட வரலாம்."

"வரலாம்."

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க. நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரமே நீங்க எங்கிட்ட வந்து, சைரன் காரணமில்லாம அடிக்கு, ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணணும்னு சொன்னீங்க. அதை எழுதியிருக்கேன். பார்க்கலாம்னு நான் சொன்னதையும் எழுதியிருக்கேன், அண்ணாச்சி."