முப்பத்தெட்டாவது வளைவு

"முப்பத்தேழு வளைவு வரைக்கும் மிதிச்சே ஏறிடுறேன். முப்பத்தெட்டுல கால் நின்னுடுது. ஒன்பது வருஷமா இப்படித்தான்," என்றார் பொன்னுரங்கம்.

அருளாயி தன் சைக்கிளின் பின் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சைக்கிள் பேரணி ஆண்டுக்கு ஒருமுறை அடிவாரத்திலிருந்து புறப்படும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் கொடிக்கம்பம், மேடை, ஒலிபெருக்கி.

முதல் சைக்கிள் தலைவர் பொன்னுரங்கத்தினுடையது. கடைசி சைக்கிள் அருளாயியினுடையது.

கடைசி சைக்கிளுக்கு ஒரே விதி. யாரையும் முந்தக் கூடாது. வழியில் ஒருவர் இறங்கி நின்றால், அவர் மறுபடி ஏறும்வரை அவளும் நிற்க வேண்டும். தன் மூச்சுக்காக அவள் ஒருமுறையும் இறங்கியதில்லை. மலையேறத் திணறுகிறவர்கள் அவளிடம்தான் வந்து கேட்பார்கள்.

நான்கு முறை சிறை சென்ற பொன்னுரங்கம் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"பசங்க சிரிக்கிறானுங்க, அருளாயி. தலைவரு சைக்கிளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றாருங்கறானுங்க."

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னைக்கு என்கூட கடைசில வாங்க, தலைவரே."

"கொடி என் வண்டியில இருக்கு."

"வேற ஆளுகிட்ட குடுங்க. கொடி ஏறிடும்."

அவர் முகம் இறுகியது. ஆனாலும் கொடுத்தார்.

பதினோராவது வளைவில் ஒருவருக்குச் செயின் கழன்றது. நின்றார்கள்.

இருபதாவது வளைவில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள். நின்றார்கள்.

"போகலாமா?" என்றார் பொன்னுரங்கம்.

"அவங்க ஏறட்டும்."

"மேல கூட்டம் ஆரம்பிச்சிருவாங்க."

அருளாயி அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டாவது வளைவுக்கு வந்தபோது மற்றவர்களெல்லாம் மேலே போய்விட்டிருந்தார்கள். அங்கே சாலையோரம் ஒரு குட்டைச் சுவர். அதில் சிவப்பு எழுத்து:

'நீங்கள் போங்கள், நான் வந்துவிடுகிறேன்' — தியாகி சூசை.

சூசை அருளாயியின் கணவர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் தலைவருக்குப் பக்கத்திலேயே மிதித்து வந்தார். இந்த இடத்தில் இறங்கி, நெஞ்சில் கை வைத்தபடி அதைச் சொன்னார். மேலே மைக் காத்திருந்தது. பொன்னுரங்கம் போனார். பின்னால் வந்தவர்களும் போனார்கள். தலைவரே போனபிறகு யார் நிற்பார்கள்?

கூட்டம் முடிந்து இறங்கி வந்தபோது சூசை சுவரில் சாய்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

மறுநாளே துண்டறிக்கை வந்தது. எழுதியவர் பொன்னுரங்கம். அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்றார்கள். சுவரில் எழுதச் சொன்னவரும் அவரே.

கடைசி சைக்கிள் என்ற ஒன்று அதற்குப் பிறகுதான் பேரணியில் வந்தது.

இன்றும் அவர் கால் நின்றது. இறங்கினார். தலை குனிந்து சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.

பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தார்.

அருளாயி இறங்கிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். கை நெஞ்சின்மேல் இருந்தது.

"என்னம்மா? முடியலையா?"

"நீங்க போங்க, தலைவரே. நான் வந்துடுறேன்."

பொன்னுரங்கம் அசையாமல் நின்றார். பிறகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேலே ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தது. ஒருமுறை. இன்னொரு முறை.

"உங்களத்தான் கூப்பிடுறாங்க," என்றாள்.

"கேக்குது."

"இங்க ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும்." அவள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். "அன்னைக்கு எவ்வளவு நேரம் பேசுனீங்க, தலைவரே?"