நடுவில் நின்றுபோனால்

மாவட்ட மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் தனியாக உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலை புற நோயாளிகள் பிரிவு புது மென்பொருளோடு திறந்தாக வேண்டும். பழையது நிறுத்தப்பட்டுவிட்டது. அதிலிருந்த நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரே ஃபைலாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில்தான். அது புது டேட்டாபேஸில் ஏறாவிட்டால் டாக்டர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுதுவதுபோல்தான்.

விடிந்ததிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் போகிற போக்கைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும்.

சவரிராயன் பர்வீனுக்குப் போன் செய்தார். பர்வீன் அவரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சவரிராயனுக்கு டேட்டாபேஸ் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மகளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு நேராக வந்தார்.

"மேடம், இதை எப்படி வேகமாக்குறது?"

"இப்ப என்ன பண்றீங்க?"

"ஒவ்வொரு நோயாளியா ஏத்துறேன். ஒருத்தர் ஏறினதும் கமிட் பண்ணி நிரந்தரமாப் பதிஞ்சிடுறேன். அப்புறம் அடுத்தவர்."

"ஒவ்வொருத்தருக்கும் எதுக்கு கமிட்? அதுதான் நேரத்தை இழுக்குது."

"நடுவில நின்னுபோச்சுன்னா? ஏறின வரைக்குமாவது மிஞ்சுமே."

சவரிராயனே தொடர்ந்தார்.

"லேப்ல இருந்தப்ப ஒரு தடவை காலையில எடுத்த ரிசல்ட் எல்லாம் டைப் பண்ணி வச்சிருந்தேன். சேவ் பண்றதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. எல்லாரையும் கூப்பிட்டு மறுபடியும் ரத்தம் எடுத்தோம். ஒரு சின்னப் பொண்ணு என்னைப் பார்த்ததுமே கையைப் பின்னால மறைச்சுக்கிச்சு. அன்னைக்கிலிருந்து எனக்கு இப்படித்தான்."

"நகருங்க" என்றார் பர்வீன்.

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அதுவரை ஏறியதையெல்லாம் அழித்தார். பிறகு, பெயரைத் தட்டினால் ஆளைச் சட்டென்று காட்டுவதற்கான இண்டெக்ஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அது இல்லாம எப்படித் தேடுறது மேடம்?"

"இப்ப யார் தேடப்போறா? ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் அது தன்னைத் திருத்திக்கிட்டே இருக்கு. எல்லாரும் வந்து சேரட்டும். அப்புறம் ஒரே மூச்சில கட்டிக்கலாம்."

முழு ஃபைலையும் ஒரே கட்டளையில் ஏற்றச் சொன்னார். கமிட், எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தடவை. சவரிராயன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். மின்விசிறி தடுமாறினால்கூட நிமிர்ந்து பார்த்தார்.

பாதி தாண்டியிருக்கும். பர்வீன் கை நீட்டி ஒரு விசையைத் தட்டி ஏற்றத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"மேடம்!"

"புது டேட்டாபேஸ் டேபிள்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

சவரிராயன் குனிந்து பார்த்தார். "ஒருத்தரும் இல்ல."

"ஃபைல்ல?"

அதையும் திறந்து பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்க."

"இப்ப நீங்க ஓட்டுங்க. நான் டீ வாங்கிட்டு வரேன்."

அவர் போய்விட்டார். சவரிராயன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதே கட்டளையை முதலிலிருந்து ஓட்டினார். பர்வீன் டீயோடு திரும்பியபோது ஏற்றம் முடிந்திருந்தது. சவரிராயனே கமிட் செய்துவிட்டு, இண்டெக்ஸ்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் சரிபார்த்தார்கள். ஃபைலில் இருந்த எண்ணிக்கையும் டேபிளில் இருந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தன. இன்னும் பிறக்கவே பிறக்காத ஒரு வருடத்தில் பிறந்ததாகச் சிலர் இருந்தார்கள். பழைய மென்பொருளில் யாரோ தட்டிய தப்பு. அவற்றைத் தனியே குறித்து வைத்தார்கள்.

சவரிராயன் தன் தெருவில் குடியிருக்கும் அற்புதமேரியின் பெயரைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் வந்தார். பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று இருந்தது.

சவரிராயன் நெடுநேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் போன் செய்து, "நாளைக்குத் திறக்கலாம் சார்" என்றார். மறுமுனையில் அவரும் சிரித்தது வெளியே கேட்டது.

போனை வைத்ததும் பர்வீன் பக்கம் திரும்பினார்.

"நான் ஓட்டினதும் நின்னுபோயிருந்தா மேடம்?"

பர்வீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் லேட்டாகியிருக்கும், சார்."