வெட்டிவேர் வாயை மூடிய மத்தியானம்

மரமும் மட்டையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், கெடில ஆற்றங்கரையில் வெட்டிவேரைப் போல ஒரு வாயாடி கிடையாது. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. ஆற்றில் இறங்குகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்து ஊர்க்கதை கேட்கும். பக்கத்தில் நிற்கிற நாணல் காதைப் பொத்திக்கொள்ளும். வெட்டிவேரின் மணமும் அப்படித்தான். நனைந்தாலும் காய்ந்தாலும் ஓயாமல் மணக்கும். மண்ணுக்கடியில் கிடந்துகொண்டு இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தாழம்பூவுக்கு ஒரே பொறாமை.

அந்தக் கரையோரத்தில் அய்யாக்கண்ணு என்று ஒருவன் இருந்தான். ஜன்னலுக்குத் தட்டி கட்டுவது அவன் தொழில். ஊரில் எந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் அவன் கட்டிய ஓலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கும். அவன் வீட்டு ஜன்னலைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. அது அவன் மனைவி அஞ்சலையின் பாட்டன் கட்டிய பழைய வீடு. மேற்கே பார்த்து ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல். அதில் தொங்கிய தட்டியைக் கரையான் அரித்து, கயிறு இற்று, பாதி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் புதிதாய்க் கட்டிவிடுகிறேன் என்று அவன் சொல்லத் தொடங்கியது கல்யாணமான வருஷம்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. அதுவும் கத்திரி வெயிலில், உள்ளங்கை அகல முகத்தோடு ஒரு பெண் குழந்தை. பிறந்து ஏழாம் நாள் மேல்காற்று அனலாய் அடிக்க ஆரம்பித்தது. குழந்தையின் உடம்பெல்லாம் வேர்க்குரு. பாலுக்கு அணைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு அழும். அழுது அழுது குரல் கம்மிப்போனது. மூன்று நாளாய்த் தூக்கமும் இல்லை. வந்து பார்த்த மருத்துவச்சி, அறை குளிர்ந்து பிள்ளை ஒரு பொழுது தூங்கி எழுந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அஞ்சலை அவனைத் திட்டவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், அவ்வளவுதான். இதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஓடிப்போய் ஓலைத் தட்டி கட்டினான். வெயில் நின்றது, காற்றும் நின்றது. அறை அடுப்பங்கரையாய்ப் புழுங்கியது. அதை அவிழ்த்துவிட்டு மூங்கில் தட்டி கட்டினான். காற்று வந்தது, அனலும் கூடவே வந்தது. கைவேலை தெரிந்தவன் என்ற திமிரெல்லாம் அன்றைக்கு இறங்கிப்போனது. ஆற்றங்கரையில் போய்க் குந்தி, வாய்விட்டு அழுதான்.

வழக்கம்போல் வெட்டிவேர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தது. என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்டது. கேட்டு முடித்ததும், என்ன அதிசயமோ, ஊர்க்கதைக்குப் போகவில்லை. பிறகு தன்னைத் தோண்டியெடுக்கச் சொன்னது. மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே தன் வேரைப் பரப்பிக் கட்டினால், ஈரம் இருக்கிற மட்டும் அனலை உள்ளே விடமாட்டேன், குளிர்ந்த காற்றைத்தான் விடுவேன் என்றது.

"ஆனா ஒண்ணு. நான் மண்ணுக்குள்ளயே இருந்தவ, வெயில் எனக்கு ஆகாது. தொண்டை காய்ஞ்சா கூப்பிடுவேன், உடனே ஓடியாந்து தண்ணி தெளிக்கணும். ஒரு தடவை முழுசாக் காய்ஞ்சுட்டேன்னா என் குரல் போயிடும்."

"நீ கூப்பிட்டா ஊருக்கே கேக்குமே தாயே," என்றான் அய்யாக்கண்ணு. "எனக்குக் கேக்காதா?"

வேரை ஆற்றிலேயே அலசி எடுத்துவந்து, மத்தியானத்துக்குள் தட்டியை ஜன்னலில் ஏற்றினான். முடிச்சைத் தளர்த்து, இடுப்பு வலிக்கிறது, இந்த மூலை கோணல் என்று கட்டி முடிக்கிற வரைக்கும் அதற்கு வாய் ஓயவில்லை. ஒரு குடம் தண்ணீரை அள்ளித் தெளித்ததும், காற்று ஆற்றில் குளித்துவிட்டு வந்ததுபோல் உள்ளே வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தது. பால் குடித்தது. குடித்துக்கொண்டே தூங்கிப்போனது. அதை அணைத்தபடியே அஞ்சலையும் கண்ணயர்ந்தாள்.

அய்யாக்கண்ணு செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தான். மூன்று நாளாய்க் கண் மூடாத மனிதன். அதுதான் கூப்பிடுமே என்ற தைரியம் வேறு. சுவரில் சாய்ந்தவன் சாய்ந்தவன்தான்.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டில் அப்படி ஒரு அமைதி. பகீரென்று பிள்ளையைப் பார்த்தான். வயிறு ஏறி இறங்க, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் சிவப்புக்கூடத் தணிந்திருந்தது. அப்புறம்தான் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். தட்டி சருகாய்க் காய்ந்து தொங்கியது. மணமும் இல்லை, பேச்சும் இல்லை.

"ஏன் தாயே கூப்பிடல? கூப்பிடுறேன்னுதானே சொன்ன?" என்று கேட்டான்.

சுவரில் இருந்த பல்லிதான் நடந்ததைச் சொன்னது. தொண்டை காய்ந்ததும் வெட்டிவேர் "அய்யா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டதாம். அந்தச் சத்தத்துக்கே குழந்தை திடுக்கிட்டு உதட்டைப் பிதுக்கியதாம். வெட்டிவேர் அப்படியே வாயை மூடிக்கொண்டதாம். நான் வேண்டுமானால் இவன்மேல் விழுந்து எழுப்பட்டுமா என்று பல்லி கேட்டதற்கு, பல்லி விழுந்தால் அலறிவிடுவான், பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று காற்றோடு காற்றாய்ச் சொன்னதாம். அதுதான் அது கடைசியாய்ப் பேசியது. உள்ளே இருந்த கடைசிச் சொட்டு ஈரத்தையும் பிள்ளைக்கே விசிறிவிட்டுக் காய்ந்துபோனதாம்.

அய்யாக்கண்ணு செம்பு செம்பாய்த் தண்ணீரை வாரி இறைத்தான். பேசு தாயே, ஊர்க்கதை கேளு, முடிச்சு சரியில்லைன்னு திட்டு, எதையாவது சொல்லு என்று கண்ணீரோடு கெஞ்சினான். தட்டி பேசவே இல்லை. ஆனால் தண்ணீர் இறங்க இறங்க, மணம் மெல்லக் கிளம்பி அறை முழுக்க நிறைந்தது. குழந்தை கண்ணைத் திறக்காமலே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தது.

அஞ்சலை எழுந்து வந்து அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

"அது பேசிக்கிட்டுத்தான்யா இருக்கு," என்றாள். "புள்ள முழிக்காம பேசக் கத்துக்கிச்சு."

அந்த மத்தியானத்திலிருந்துதான் வெட்டிவேர் காய்ந்தால் வாய்மூடி வெறும் நாராய்க் கிடக்கிறது, ஒரு கை தண்ணீர் பட்டால் மணக்கிறது. கோடையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டியவர்களும் அது கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை. தாங்களாகவே எழுந்துபோய்த் தண்ணீர் தெளிக்கிறார்கள்.