கனியா? கண்ணியா?

மூங்கில் காட்டில் மருதி என்னும் புள்ளிமான் தன் குட்டிக்கு எழுத்துக் கற்பித்துக்கொண்டிருந்தது. குட்டியின் பெயர் துள்ளன். பெயருக்கேற்ற பிள்ளை, ஓரிடத்தில் நில்லாது.

“க... ல்... இரண்டையும் சேர்த்துச் சொல்!” என்றது மருதி.

“க... ல்... வண்ணத்துப்பூச்சி!” என்றது துள்ளன்.

“வண்ணத்துப்பூச்சியை நான் எழுதவில்லையே! மண்ணைப் பார்த்துச் சொல்லடா!”

“அம்மா, பசிக்கிறது!”

“இப்போதுதானே பால் குடித்தாய்?”

“அது வேறு பசி!”

மருதி பெருமூச்சு விட்டது. பாடம் நத்தைபோல் நகர்ந்தது. ஆயினும் அது விட்டுவிடவில்லை. அந்தக் காட்டில் எழுத்து என்பது விளையாட்டன்று. வேட்டைக்காரர்கள் புல்லுக்குள் சுருக்குக் கயிற்றைப் பரப்பிக் கண்ணி வைப்பார்கள். அதைக் காணும் முள்ளம்பன்றியார், அருகிலுள்ள பாறையில் தம் முள்ளால் எச்சரிக்கை கீறி வைப்பார். படிக்கத் தெரிந்தவர்கள் திரும்பிவிடுவார்கள். துள்ளனின் தந்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் துள்ளனுக்குத் தந்தை இல்லை.

ஒருநாள் வால்காக்கை ஒன்று மருதியின் முதுகில் வந்து அமர்ந்தது. நீண்ட வால், இனிய குரல். மான்களின் உடலில் ஒட்டிய உண்ணிகளைக் கொத்தித் தின்பதால் எல்லாருக்கும் அது வேண்டப்பட்ட பறவை.

“தங்கச்சி, பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறாய்? எழுத்துக் கூட்டிப் படித்தால் எந்தக் காலத்தில் படித்து முடிப்பான்? என்னிடம் விடு!” என்றது.

“நீங்கள் எப்படிக் கற்பிப்பீர்கள், அண்ணா?”

“படத்தைப் பார்! முதல் எழுத்தைப் பார்! சொல்லைச் சொல்! அவ்வளவுதான்!”

வால்காக்கை மரப்பட்டைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றிலும் கள்ளிப்பழச் சாற்றால் ஒரு படம். அதன் கீழே ஒரு சொல். மாலைக்குள் துள்ளன் பட்டைகளை மடமடவென்று படித்தது. “மலை! நரி! கிளி! பலா!”

காடே வாய் பிளந்தது. முயலக்கா தன் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தது. “அடி மருதி! உன் பிள்ளை புலவனாகிவிட்டானே! வால்காக்கையாரே, என் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!”

மருதியும் மகிழ்ந்தது. ஆனால், ஒன்று அதன் மனத்தில் முள்ளாக நின்றது. படிக்கும்போது துள்ளனின் கண் பட்டையின் மேற்பாதியிலேயே நின்றது. எழுத்து இருந்ததோ கீழ்ப்பாதியில்!

மறுநாள், வால்காக்கை இல்லாத வேளையில், மருதி ஒரு பட்டையைத் தலைகீழாக நீட்டியது.

“மலை!” என்றது துள்ளன்.

“எழுத்து தலைகீழாக இருக்கிறதே, எப்படிப் படித்தாய்?”

“மலையும்தான் தலைகீழாக இருக்கிறது! அதற்கு என்ன?”

மருதி இன்னொரு பட்டையை எடுத்தது. அதிலிருந்த படத்தை ஓர் இலையால் மூடியது. கீழே ‘மான்’ என்று எழுதியிருந்தது.

துள்ளன் தயங்கியது. காதை ஆட்டியது. வாலை ஆட்டியது. “மா... மாம்பழம்!”

“உன் குலத்தின் பெயரடா அது!” என்றது மருதி.

அதை முயலக்காவிடம் சொன்னபோது, முயலக்கா சிரித்தது. “ஏனடி வயிறு எரிகிறாய்? உன்னிடம் படிக்காத பிள்ளை அவரிடம் படித்துவிட்டான். அதுதானே உனக்குப் பொறுக்கவில்லை?”

மருதிக்குச் சுருக்கென்றது. ‘உண்மையாக இருக்குமோ? பொறாமைதானோ எனக்கு?’ என்று எண்ணியது. தன் மனத்தையே ஐயத்தோடு புரட்டிப் பார்த்தது. பொறாமை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால், மான் மாம்பழம் ஆனதும் பொய்யில்லையே!

அது வால்காக்கையிடமே கேட்டது. “அண்ணா, படத்தை மூடினால் பிள்ளை தடுமாறுகிறானே?”

வால்காக்கையின் வால் ஒருமுறை வெட்டி நின்றது. பிறகு குரலில் தேன் வழிந்தது. “குழந்தையைச் சோதிக்காதே, தங்கச்சி! ஆசை செத்துவிடும். பார், பாறைமேட்டில் முள்ளம்பன்றியார் புதிதாக ஏதோ எழுதியிருக்கிறாராம். துள்ளனை அங்கே அழைத்துப் போய் அவனையே படிக்கச் சொல்கிறேன். அப்போது உன் ஐயம் தீரும்.”

“நானும் வருகிறேன்.”

“நீ வந்தால் பிள்ளை மிரளுவான். தாய் பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளைக்கு நா எழும்? நீ வராதே!”

‘வராதே’ என்ற சொல் மருதியின் காதில் ஒட்டிக்கொண்டது. பாடம் நன்றாக நடந்தால் பார்ப்பவர்கள் எத்தனை பேர் இருந்தால் என்ன? எதற்காக என்னை ஒதுக்க வேண்டும்? உண்ணி தின்னும் பறவைக்கு என் பிள்ளையின் படிப்பில் இத்தனை அக்கறை ஏன்?

கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. இறுதியில் ஒரு நினைவு வந்தது. கண்ணியில் சிக்கிய விலங்கை வேட்டைக்காரன் அங்கேயே அறுத்து, குடலைப் புதரில் வீசிவிட்டுப் போவான். அந்தக் குடலைக் கொத்த முதலில் வருவது யார்? நீண்ட வால், இனிய குரல்!

மருதி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. துள்ளனைக் காணவில்லை! வால்காக்கையையும் காணவில்லை!

“முயலக்கா! என் பிள்ளை எங்கே?”

“இப்போதுதான் வால்காக்கையார் அழைத்துப் போனார். பாறைமேட்டுப் பக்கம்! ஏன், என்ன ஆயிற்று?”

மருதி பதில் சொல்ல நிற்கவில்லை. முட்புதர்களைத் தாண்டிப் பறந்தது. பாறைமேட்டை அடைந்தபோது அதன் மூச்சு இரைத்தது.

ஒரு பெரிய பாறை. அதன் முன்னே பச்சைப்பசேலென்று புல். புல்லின் விளிம்பில் துள்ளன். பாறையின் உச்சியில் வால்காக்கை. பாறையின் நடுவே, சிவக்கச் சிவக்க ஒரு பெரிய பழத்தின் படம். அதன் சாறு இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே முள்ளால் ஆழமாகக் கீறிய எழுத்துகள்.

“துள்ளா! நில்! புல்லில் கால் வைக்காதே! அங்கே கண்ணி இருக்கிறது!”

துள்ளன் திரும்பியது. அதன் முகத்தில் அச்சம் இல்லை, கோபம் இருந்தது. “கண்ணி இல்லை அம்மா! நான் படித்துவிட்டேன். ‘கனி உண்டு’ என்று எழுதியிருக்கிறது. புல்லுக்குள் பழம் இருக்கிறதாம்!”

“சரியாகச் சொன்னாய், என் கண்ணே!” என்றது வால்காக்கை. “உன் அம்மா நீ படிப்பது பொறுக்காமல் ஓடிவந்திருக்கிறாள். நீ போ! போய்ப் பழத்தைத் தின்று காட்டு!”

“உங்களுக்கு என்னைக் கண்டாலே ஐயம்தான், அம்மா!” என்றது துள்ளன். அதன் முன்னங்கால் மேலே எழுந்தது.

மருதி எண்ணிப் பார்த்தது. பாய்ந்து சென்றால் பிள்ளை மிரண்டு முன்னே குதிக்கும். கத்தினால் வீம்புக்காகவே காலை வைக்கும். தாயின் சொல்லைவிடப் பறவையின் சொல் அதற்கு இனித்தது. ‘நம்பு’ என்று கெஞ்சிப் பயனில்லை.

மருதி நின்ற இடத்திலேயே நின்றது. குரலைத் தாழ்த்தியது.

“மகனே, என்னை நம்பாதே!”

துள்ளனின் கால் காற்றில் நின்றது. “என்ன?”

“என்னையும் நம்பாதே, அவரையும் நம்பாதே. அந்தப் படத்தையும் நம்பாதே. கீழே உள்ள எழுத்தை மட்டும் கூட்டிச் சொல். அது ‘கனி’ என்றால் நீ போகலாம்; நான் தடுக்கமாட்டேன்.”

“கூட்டிப் படிப்பதா! அது மூடர்களின் வேலை!” என்று வால்காக்கை கூவியது. “படத்தைப் பார்! முதல் எழுத்தைப் பார்! போ, போ!”

அந்த அவசரம் துள்ளனுக்கே புதிதாக இருந்தது. வால்காக்கை மாமா இதற்குமுன் ஒருநாளும் ‘போ, போ’ என்று விரட்டியதில்லை. அது காலைப் பின்னுக்கு வைத்தது. கண்ணைப் பழத்திலிருந்து கீழே இறக்கியது.

“முதல் எழுத்து ‘க’” என்றது.

“அடுத்தது?”

“‘ன’ போல் இருக்கிறது...”

“போல் இருக்கிறதா? அதுவேதானா? சுழியை எண்ணு.”

“ஒன்று... இரண்டு... இன்னொன்று இருக்கிறது, அம்மா! மூன்று சுழி! ‘ண’!”

“அதன் தலையில் ஏதாவது இருக்கிறதா?”

“ஒரு புள்ளி இருக்கிறது.”

“புள்ளிமானுக்குப் புள்ளியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? புள்ளி வைத்தால் ஓசை என்ன ஆகும்?”

“ண்!”

“அடுத்தது?”

“அதுவும் மூன்று சுழி. மேலே கொக்கி வளைந்திருக்கிறது. ‘ணி’!”

“இப்போது சேர்த்துச் சொல். மெல்லச் சொல்.”

“க... ண்... ணி. கண்...” துள்ளன் மறுபடியும் சுழிகளை எண்ணியது. “கண்ணி! அம்மா! கண்ணி உண்டு!”

குட்டி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டது. அது ஓரடி பின்வாங்கியது, இன்னோரடி பின்வாங்கியது. பிறகு தலை நிமிர்ந்து பாறையுச்சியைப் பார்த்தது.

“மாமா, கனிக்கு இரண்டெழுத்துதானே? இங்கே மூன்று இருக்கின்றனவே!”

“ஓரெழுத்துக் கூடினால் என்னடா குடிமுழுகிவிடும்?” என்றது வால்காக்கை.

“அப்படியானால், நீங்கள் இறங்கிப் போய் அந்தக் கனியைக் கொத்தி வாருங்களேன்!”

“எனக்கு... எனக்கு வயிறு சரியில்லை!”

மருதி ஒரு காய்ந்த கிளையைக் கவ்விப் புல்லின் நடுவே எறிந்தது. சடக்! புல்லுக்குள்ளிருந்து கயிறு சீறி எழுந்தது. கிளையைச் சுற்றி இறுகியது. கிளை இரண்டாக முறிந்து தொங்கியது.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்துசேர்ந்த முயலக்கா அதைக் கண்டு அலறியது. “ஐயோ! நாளைக்கு என் பிள்ளைகளை அழைத்து வருவதாகச் சொன்னாரே இந்தப் பாவி!”

வால்காக்கை அங்கே நிற்குமா? ஓடைக்கு அப்பால் பறந்து போனது. அதன்பின் அந்தக் காட்டில் எந்த மானும் அதற்கு முதுகைக் கொடுக்கவில்லை. முயலக்கா, தன் பிள்ளைகளுக்கு வால்காக்கை தந்திருந்த பட்டைகளையெல்லாம் ஓடையில் வீசியது.

“மருதி, நான் உன்னை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன்!” என்று கண் கலங்கியது.

“பாதி உண்மைதான் அக்கா, பொறாமையும் இருந்தது. அதற்காகச் சுழியை எண்ணாமல் விடமுடியுமா?” என்றது மருதி.

அன்றுமுதல் துள்ளன் எதையும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. “அந்தக் காய் கசக்கும், தின்னாதே!” என்று தாய் சொன்னாலும், “எங்கே, காட்டுங்கள்! உண்மைதானா என்று நானே பார்க்கிறேன்!” என்று வந்து நிற்கும். சில நாள்களில் மருதிக்குத் தலைவலியே வரும். ஆயினும் அது பிள்ளையை ஒருமுறையும் அதட்டவில்லை.

எழுத்தைத் தானே கூட்டிப் படிக்கத் தெரிந்தவனைப் பிறருடைய இனிய நாவால் ஏமாற்ற முடியாது.