மாந்துளிர்ச் சேலைக்கு எந்த ரவிக்கை?

முதலில் கேட்டது துணி கிழியும் சத்தம். வெயிலிலிருந்து ரவிக்கைத் துணிக் கடைக்குள் நுழைந்த செண்பகத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு ஒன்றும் புலப்படவில்லை. டர்ரென்ற ஒலி அடங்கிப் பார்வை தெளிந்தபோது எதிரே நின்றவள் மரகதம், அவளுடைய மூத்த ஓரகத்தி. கையில் அப்போதுதான் கிழித்த துணி.

"கோயிலுக்குப் போறதாத்தான சொன்னீங்க அக்கா?"

"கோயிலுக்குப் போற வழிதான் இது."

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். மாமியார் ஆவுடையம்மாளிடம் மாந்துளிர் நிறத்தில் ஒரு பட்டுச்சேலை உண்டு. மரகதத்தைப் பெண் பார்க்க வந்தபோது மாமியார் உடுத்தியிருந்தது அதைத்தான். மாமியாரின் மகள் வீட்டில் இப்போது கல்யாணம். மருமகள்கள் இருவர் கண்ணும் அந்தச் சேலைமேல் இருப்பது மாமியாருக்குத் தெரியும். சேலைக்குரிய பழைய ரவிக்கையோ நைந்துவிட்டது.

"யார் எடுத்துட்டு வர்ற துணி இதோட ஒட்டுதோ, அவ கல்யாணத்துக்குக் கட்டிக்கிடட்டும். பொறவு அவளே வச்சுக்கிடட்டும்" என்று முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஆளுக்கொரு நூல்கொத்தைக் கொடுத்தாள். முகூர்த்தம் விடியுமுன். மண்டபத்தில் குளிர்சாதனத்துக்காக ஜன்னல்களை அடைத்து, பகலிலும் குழல்விளக்கு எரிய விடுவார்கள். பட்டு உடுத்தினாலும் வேர்க்காது என்று மாமியாருக்கு ஒரு நிம்மதி.

ரவிக்கைத் துணி எடுப்பவர்கள் அதைக் கடைவாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகே கிழிக்கச் சொல்வார்கள். கிழித்தது திரும்பாது. மரகதத்துக்கும் இது தெரியும். குழல்விளக்கின் கீழ் நூலோடு ஒட்டிய துணி ஒன்று அகப்பட்டதும் வாசலுக்குத்தான் திரும்பினாள். அப்போது தெருவில் செண்பகம் வருவது தெரிந்தது. அந்தச் சுருளில் மிச்சம் ஒரே ரவிக்கைக்குத்தான் இருந்தது.

"கிழிங்க" என்றாள்.

"வெயில்ல பாக்கலியாம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குக் கண்ணு இருக்கு. கிழிங்க."

செண்பகம் அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், ரசம் நன்றாயிருந்தால் "செண்பகம் வச்சதா?" என்றே எல்லோரும் கேட்டார்கள். வைத்தவள் மரகதமாக இருப்பாள். சேலையையும் அப்படி விட அவளுக்கு மனமில்லை.

செண்பகம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சுருளாக வாசலுக்கு எடுத்துப் போனாள், வந்தாள். கடைப் பையன்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒன்று நூலோடு கரைந்து நின்றது.

மறுநாள் முற்றத்து வெயிலில் சேலையை விரித்தார்கள். செண்பகத்தின் துணி எது, சேலை எது என்று பிரிக்க முடியவில்லை. மரகதத்தின் துணி செங்கல்லாகத் தனித்துத் தெரிந்தது. அழுகையை மறைக்க அவள் சேலையையும் துணிகளையும் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனாள், குழல்விளக்கைப் போட்டாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"அத்தே, கொஞ்சம் இங்க வாங்க."

விளக்கொளியில் அவளுடைய துணிதான் சேலையோடு கரைந்திருந்தது. செண்பகத்தின் துணியில் ஏதோ பச்சை ஏறிக் கிடந்தது.

செண்பகம் கைபேசியில் அறிவியல் விளக்கங்கள் கேட்கிறவள். "எந்தப் பொருளுக்கும் சொந்த நிறம்னு ஒண்ணு கிடையாதாம் அத்தே. மேல விழுற வெளிச்சத்துல கொஞ்சத்தைத் தின்னுட்டு மிச்சத்தைத் திருப்பித் தருமாம். அந்த மிச்சந்தான் நமக்கு நிறம்."

"ஏட்டி, அப்ப விளக்கை அணைச்சா என் சேலைக்கு நிறமே இல்லியா?"

"இருட்டுல யாரு அத்தே சேலை பாக்கா? சூரியன்தான் முழு வெளிச்சம். குழல்விளக்கு அரைகுறை."

"நான் அரைகுறைன்னு சொல்ல இம்புட்டுச் சுத்தா?" என்றாள் மரகதம்.

"நீங்க வாசலுக்கே போகலியாமே. கடைக்காரர் சொன்னாரு."

மரகதம் வெளியே வந்து முறத்து முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தாள்.

ஒருத்தி பார்க்க வேண்டிய முறையில் பார்த்து எடுத்தாள். ஒருத்தி பொறாமையின் அவசரத்தில் பாராமல் எடுத்தாள். வெயில் இளையவளுக்குச் சாட்சி, விளக்கு மூத்தவளுக்கு. மாமியார் சொன்ன சொல் தவறவும் கூடாது. இதைப் படிப்பவர்களே சொல்லுங்கள்: சேலை யாருக்குச் சேரும்?

விடை: மரகதத்துக்கு. சேலையின் அசல் நிறம் எது என்று மாமியார் கேட்கவேயில்லை. கல்யாணத்துக்குக் கட்டத்தான் ரவிக்கை கேட்டாள். விடியுமுன் முகூர்த்தம், ஜன்னல் அடைத்த மண்டபம். வெயில் அங்கே எட்டிப் பார்க்காது. செண்பகத்தின் கவனத்தில் குற்றமில்லை, சேலை போகாத இடத்துக்கு அவள் துணி எடுத்தாள். மரகதம் தப்பான வழியில் சரியான துணிக்கு வந்து சேர்ந்தாள். கொடுத்த வாக்கு பொருத்தத்தைக் கேட்டது, தகுதியைக் கேட்கவில்லை. ஆவுடையம்மாளும் அப்படியே தீர்த்துச் சேலையை மூத்தவளிடம் கொடுத்தாள். வாங்கியவளுக்கு முகம் மலரவில்லை. கடையே சிரிக்கும்போதும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிற பொறுமை செண்பகத்துக்கு மட்டும் எங்கிருந்து வாய்த்தது என்ற நினைப்பு, பழைய பொறாமை எழுந்துபோன இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து, பாதியில் விட்ட முருங்கைக்கீரையை மறுபடி உருவத் தொடங்கினாள்.